நூற்றிருபதாவது மைல்

வெஸ்டர்லோ ஊரில் ஆர்டித் கொயலிங் அம்மாள் தன் வீட்டு மாடியில் மூன்று அறைகளைச் சைக்கிள்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். அதில் கிழக்குப் பார்த்த அறைக்கு ‘நீமையர் அறை’ என்று பெயர். கதவில் பித்தளைத் தகடுகூட அடித்திருந்தது. ஆனால் ஆர்வில் நீமையர் அந்தக் கட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லை. அந்த வீட்டையோ ஊரையோ கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு செப்டம்பருக்கும் அறையைக் கேட்டு வைப்பான். செப்டம்பர் வந்ததும் போன் செய்து, "மன்னிச்சுக்கணும் மிசஸ் கொயலிங், திட்டம் இன்னும் முழுசா முடியல" என்பான். "அதனால என்ன மிஸ்டர் நீமையர், அறை எங்க ஓடிடப் போகுது?" என்பார் அந்த அம்மாள். இவ்வளவையும் சொல்லி முடிக்க இருவருக்கும் நாற்பது நிமிடம் ஆகும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது லியோனாவின் கட்சி. லியோனா ஆர்வில்லின் அக்கா. எழுபத்தொரு வயது. தம்பிக்கு அறுபத்து நான்கு. ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிறவனைக் கண்டால் ஊருக்குக் கண் உறுத்தத்தான் செய்யும் என்று அவள் சொல்வாள்.

ஆர்வில் ஆல்டன்ஃபெல்டில் பிறந்து, பள்ளி முடிந்த கையோடு மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்தவன். நாற்பது வருடம் ஒரே வேலை: சாலை நடுவில் மஞ்சள் கோடு போடுவது. அவன் போட்ட கோட்டில் நூல் பிடித்துப் பார்க்கலாம். மாவட்ட எல்லை வந்தால் வண்ணத்தை நிறுத்துவான், வண்டியைத் திருப்புவான். நாற்பது வருடம் திருப்பித் திருப்பி அது உடம்பிலேயே ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் போனாலும் எல்லைப் பலகையைக் கண்டதும் கை தானாக ஸ்டியரிங்கை வளைக்கும். "அந்தப் பக்கம் வேற ஆளோட கோடு" என்பான். அதற்கு மேல் காரணம் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற அன்று துறையில் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுப் பின்புறம்தான் பாதை ஓடுகிறது. ஒரு காலத்தில் ரயில் போன தடம். இப்போது தண்டவாளத்தைப் பெயர்த்துச் சரளை கொட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். ரயில்காரர்கள் நட்ட மைல்கற்கள் அப்படியே நிற்கின்றன. ஆல்டன்ஃபெல்டில் 41. மேற்கே பாதை முடியும் இடத்தில் 203. கழித்துப் பார்த்தால் நூற்று அறுபத்திரண்டு மைல். நான்கு நாளில் போய்ச் சேர்வது என்று ஆர்வில் அன்று மாலையே முடிவு செய்தான். மைலுக்கு ஒரு பக்கம் என்று திட்டம் எழுத ஆரம்பித்தான்.

வேகம் ஆறு நிமிடத்துக்கு ஒரு மைல். ஏற்றம் இறக்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது; ரயில் போன தடத்தில் மேடு ஏது? ஒவ்வொரு மார்ச் மாதமும் வழியில் உள்ள அத்தனை பேருக்கும் போன் செய்து பக்கங்களைத் திருத்துவான். மைல் 66இல் தேவாலயத்துத் தண்ணீர்க் குழாயின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். மைல் 74இல் ஹோமர் ஸ்ட்ராட்மன் கடையில் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி பத்து நாற்பதுக்கு அடுப்பை விட்டு இறங்கும், பதினொன்றரைக்குத் தட்டு காலி என்று தெரியும். மைல் 97இல் ஒரு பழுப்பு நாய் சைக்கிளைத் துரத்தும் என்று எழுதியிருந்தான். மூன்றாம் வருடம் அந்த நாய் செத்துப்போனதும் வீட்டுக்காரருக்கு அனுதாப அட்டை அனுப்பினான். புதிய நாயின் சுபாவம் பற்றித் தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்தான்.

ஆறு வருடத்தில் திட்டம் இருநூற்றுப் பதினான்கு பக்கம் ஆனது. எடை நாலரைப் பவுண்டு. அந்த எடையை ஈடுகட்டப் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் அறுத்தான்.

லியோனா அந்தத் திட்டத்தை மாவட்டச் சந்தையில் நடந்த போட்டியில் ‘இதர கைவேலைகள்’ பிரிவில் கொண்டுபோய் வைத்தாள். முதல் பரிசுக்கான நீல ரிப்பன் கிடைத்தது. இரண்டாவது வந்தது ஒரு பஞ்சுப் போர்வை. போர்வை தைத்தவள் இன்றுவரை லியோனாவோடு பேசுவதில்லை. நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் சைக்கிள்காரர்கள் வந்து திட்டத்தை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். போய்வந்து, "எல்லாம் நீங்க எழுதினபடியே இருந்துச்சு சார்" என்று கை குலுக்கினார்கள். இப்படி நாற்பத்து மூன்று பேர் அவன் திட்டத்தில் பயணம் போய்த் திரும்பினார்கள். ஆர்வில் மட்டும் தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மாவட்ட எல்லையான மைல் 58 வரை மிதித்து, பதினொன்று இருபத்து நான்குக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

எல்லைதான் காரணம் என்று ஊர் பேசியது. ஆர்வில் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்ன காரணம் வேறு. திட்டத்தில் ஒரு பக்கம் காலி. பக்கம் 120.

நாற்பத்து மூன்று பேரையும் அவன் விசாரித்திருந்தான்.

"நூத்திப்பத்தொம்பதாம் கல்லு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடுத்து?"

"நூத்தி இருபத்தொண்ணு."

"நடுவுல நூத்திருபது?"

"இருந்திருக்கும் சார். நான் அப்ப தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."

நாற்பத்து மூன்று பேரும் ஒரே இடத்தில் தண்ணீர் குடித்திருப்பார்களா? ஆர்வில்லால் நம்ப முடியவில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்த இடம் முழுக்க மரத்தலைகள். வெஸ்டர்லோ மைல் 121இல் இருப்பதால் கொயலிங் அம்மாளையே கேட்டான். "அங்க ஒண்ணும் இல்லையே" என்றார். வருடா வருடம் கேட்டான். வருடா வருடம் அதையே சொன்னார். பார்த்தவர் யாருக்குமே நினைவில் நிற்காத மைல் என்றால் அதில் ஏதோ விவகாரம் இருக்கிறது என்று ஆர்வில் தீர்மானித்தான். அந்த ஒரு மைலுக்கென்றே ஐம்பது அடிக் கயிறும் ஒரு விசிலும் வாங்கி வைத்தான். வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் விசிலை மூன்று முறை ஊத வேண்டும் என்று காலிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் குறித்தான். ஆல்டன்ஃபெல்டில் ஒரு பொருள் தொலைந்தால், "நூத்திருபதுக்குப் போயிருக்கும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஆர்வில் வீட்டில் போன் அடித்தது. தக்காளி கொடுக்க வந்திருந்த லியோனா எடுத்தாள்.

"மிஸ்டர் நீமையர் இருக்காரா?"

"அவன் வெளிய போயிருக்கான். நான் அவன் அக்கா. பதினொன்னு இருபத்துநாலுக்கு வந்துடுவான்."

"கரெக்டா சொல்றீங்களே!"

"எங்க குடும்பத்துல அப்படித்தான்."

"நான் வெஸ்டர்லோ ஆர்டித் பேசுறேன். வீட்ட வித்துட்டேங்க. அக்டோபர் ஒண்ணாந் தேதி சாவி குடுக்கணும். அரிசோனாவுல மக கூப்பிடுறா. கடைசியா வர்ற விருந்தாளி அவரா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. செப்டம்பர் இருபத்தேழு அறை காலிதான். நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க. ஏதோ ஒண்ணு சொல்லுங்க!"

ஆர்வில் வந்ததும் லியோனா சொன்னாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அப்ப என் அறை?"

"அறையும் சேத்துத்தான் வித்தாங்க. அத மட்டும் அறுத்துக் கையில வச்சுக்க முடியுமா?"

"இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு. நூத்திருபது காலியா கெடக்கே அக்கா."

"ஒத்த மைல்டா! ஆறு நிமிஷம். கண்ண மூடிக்கிட்டு மிதிச்சா முடிஞ்சுது."

"கண்ண மூடிக்கிட்டா? சைக்கிள்லயா?" என்று ஆர்வில் நிஜமாகவே பதறினான்.

அந்த அம்மாளை ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு இருக்கிறது என்பது லியோனாவுக்குத் தெரியும். போனில் பேசும்போது அவன் தலை சீவிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த முப்பத்தைந்து நாள் போனால் போனதுதான். அரிசோனா வரைக்கும் திட்டம் எழுத இவனுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

மறுநாள் அவன் எல்லைக்குப் போன நேரம் பார்த்து லியோனா அவன் கொட்டகையைத் திறந்தாள். சாலைத் துறையில் தூரம் அளக்கப் பயன்படுத்திய அளவுச் சக்கரம் சுவரில் தொங்கியது. நீளக் கைப்பிடி, கீழே ஒரு சக்கரம். தள்ளிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி என்று எண் ஓடும். மனிதர்கள் சொல்வதை ஆர்வில் நம்பாமல் போகலாம். அந்தச் சக்கரம் சொல்வதை நம்புவான். கயிற்றையும் விசிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். திட்டத்தில் எழுதியிருக்கிறதே.

இரண்டு மணி நேரம் தன் பழைய டிரக்கை ஓட்டிப் போய், சாலை பாதையைக் கடக்கும் இடத்தில் நிறுத்தினாள். பக்கத்திலேயே 119ஆம் கல் நின்றது. சக்கரத்தை அதன் அடியில் வைத்து எண்ணைச் சுழியத்துக்குத் திருப்பினாள். தோளில் கயிறு, கழுத்தில் விசில். நடந்தாள். வால்நட் மரங்கள் இருந்தன. ஓர் ஆமை பாதையைக் கடந்தது; அது போகும்வரை நின்றாள். உளுத்துப்போன பெஞ்சு ஒன்று இருந்தது. அதன் தூரத்தைக் குறித்துக்கொண்டாள்: இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு அடி. புதைமணல் இல்லை, குளவிக் கூடு இல்லை. சக்கரம் ஐயாயிரத்து இருநூற்று எண்பது அடியைத் தொட்டது. ஒரு மைல் முடிந்தது. எதிரே கல் நின்றது.

121.

லியோனா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் 121. திரும்ப 119 வரை அளந்துகொண்டே போனாள், மறுபடி வந்தாள். இரண்டு அடிதான் வித்தியாசம். அதுவும் திரும்பும் வழியில் மறுபடி குறுக்கே வந்த ஆமைக்காக ஒதுங்கியது. ஆக இது வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சி. விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள்.

இருநூறு கஜம் தள்ளி ஒரு வீட்டின் பின்கதவு திறந்தது. மாவுக் கையோடு ஓர் அம்மாள் ஓடிவந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு? பாம்பா?"

"நூத்திருபதக் காணோங்க!"

அந்த அம்மாள் கயிற்றையும் விசிலையும் சக்கரத்தையும் பார்த்தார். "நீங்க அவரு அக்காவா?" என்றார்.

கொயலிங் அம்மாளின் சமையலறை ஜன்னல் வழியே பிறைபோல் வளைந்த ஒரு நீர்க்குட்டை தெரிந்தது. எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டு அதைக் காட்டினார். "ரயிலு முந்தி அந்தக் குட்டைய சுத்திக்கிட்டுத்தான் போச்சாம். எங்க மாமனாரு சொல்லுவாரு. ஒரு வருஷம் வெள்ளம் வந்து தண்டவாளத்தையே வாரிக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் நேரா வெட்டிப் போட்டாங்க. ரெண்டு மைலு ஒரு மைலாயிடுச்சு."

"அப்ப கல்லு?"

"இங்கருந்து கடைசி வரைக்கும் இன்னும் எண்பத்திரண்டு கல்லு இருக்கு. அத்தனையிலயும் நம்பர அழிச்சு யாரு எழுதுறது? ஒண்ண மட்டும் புடுங்கிப் போட்டுட்டாங்க."

"இத ஏங்க அவன்கிட்ட சொல்லல?"

"அவரு நூத்திருபதுல என்ன இருக்குன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னேன். ஆறு வருஷமா அதத்தானே சொல்றேன்!" என்ற கொயலிங் அம்மாள், கையில் ஒட்டிய மாவைத் திரட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "வெள்ளக் கதையையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா அடுத்த வருஷம் போன் பண்றதுக்கு அவருக்கு என்ன இருக்கும்?"

அங்கிருந்தே லியோனா தம்பிக்குப் போன் போட்டாள். அளவைச் சொன்னாள், குட்டையைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள். மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"எண்பத்திரண்டு கல்லு," என்றான் கடைசியில். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். பெயிண்ட்டு செலவு என்னாகுறது?"

"அப்ப கிளம்புறியா?"

"எப்படிக்கா? நூத்தி இருபத்தொண்ணுலருந்து எல்லா நேரமும் ஆறு நிமிஷம் தப்பு. எண்பத்திரண்டு பக்கம் திருத்தணும். அந்தப் பக்கத்து ஆளுங்கள எல்லாம் மறுபடி கூப்பிடணும். அடுத்த ஏப்ரல் ஆயிடும்."

லியோனாவுக்கு ஒரு குழியை மூட வந்து எண்பத்திரண்டு குழி தோண்டிவிட்டோமே என்று இருந்தது. தொட்டியடியில் கொயலிங் அம்மாள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டேய், நூத்திப்பத்தொம்பது வரைக்கும் சரியா இருக்கா?"

"மயிரிழை தப்பாது."

"இந்த வீடு நூத்தி இருபத்தொண்ணுக்கு இருநூறு கஜம். நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்ப இந்த வீட்டு வாசல் வரைக்கும் உன் திட்டம் முடிஞ்சுபோச்சுடா. ஆறு வருஷமா முடியாதது இதோ இப்ப முடிஞ்சுது."

மறுபடியும் தாள் புரளும் சத்தம். "திரும்பி வர்றதுக்கு?"

"அதே பக்கத்தக் கீழருந்து மேல படி!"

தட்டு கழுவும் சத்தம் நின்றது. "அது நடக்கும்," என்றான் ஆர்வில்.

செப்டம்பர் இருபத்தாறு காலை ஏழு மணிக்கு அவன் புறப்பட்டான். வெஸ்டர்லோவுக்குப் பிந்திய பக்கங்களைக் கழற்றி வைத்துவிட்டதில் எடை கணிசமாகக் குறைந்தது. அந்த எடைக்கு முழுக் காம்புள்ள பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டான்.

எட்டு நாற்பத்திரண்டுக்கு மைல் 58. லியோனா அங்கே டிரக்கோடு காத்திருந்தாள். ஆர்வில் சரியாக வந்து சரியாக எல்லையில் நின்றான். ஒரு கால் தரையில். கை சைக்கிளை வளைக்கப் பார்ப்பதும், அவன் அதை இழுத்துப் பிடிப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் பக்கம் சரளை எப்படி இருக்கு?"

லியோனா எல்லையைத் தாண்டிப் போய்க் குனிந்து ஒரு கை அள்ளினாள். இந்தப் பக்கம் வந்து இன்னொரு கை அள்ளினாள். இரண்டையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எது எதுன்னு சொல்லு பாப்போம்."

ஆர்வில் இரண்டையும் பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான். "கோடும் இல்ல," என்றான். "மூணு நிமிஷம் போச்சு, விடு." அழுத்தி மிதித்து அந்தப் பக்கம் போய்விட்டான். லியோனா அவன் முதுகு மறையும்வரை இரண்டு கைச் சரளையோடு நின்றாள்.

அன்றைக்கும் மறுநாளும் கொயலிங் அம்மாள் வீட்டில் போன் ஓயவில்லை. மைல் 74இலிருந்து ஹோமர் ஸ்ட்ராட்மன் கத்தினார்: "அந்த ஆளு நிஜமாவே இருக்காருங்க! உயரமா இருக்காரு! ரெண்டு ரொட்டி தின்னாரு!" மைல் 97காரர், தன் நாய் குரைக்காமல் போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டதைச் சொன்னார். டிரக்கில் முன்னதாக வந்துவிட்ட லியோனா ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள். கொயலிங் அம்மாள் பன்றி இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு மூன்று முறை உடை மாற்றினார்.

திட்டப்படி அவன் வாசலில் நிற்க வேண்டிய நேரம் மாலை ஐந்து நாற்பத்தெட்டு. ஐந்து நாற்பத்திரண்டுக்கே வேலிக்கு அப்பால் சைக்கிள் வந்து நின்றது. இல்லாத மைல் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆறு நிமிடம்.

ஆர்வில் இறங்கினான். கடிகாரத்தைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியிலேயே விறைப்பாக நின்றுகொண்டான். உள்ளே கொயலிங் அம்மாள் கதவுக் குமிழைப் பிடித்தபடி அவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொறக்கட்டுமா?"

"என்னைய ஏங்க கேக்குறீங்க?" என்று லியோனா ஜன்னலைத் தூக்கினாள். "டேய், உள்ள வாடா!"

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குக்கா!"

"எண்பது மைல் வந்துட்டு வாசல்ல நிக்கிறியேடா!"

"எழுபத்தொம்பது," என்றான் அவன்.

கொயலிங் அம்மாள் கதவைத் திறந்தார். படியில் நின்றார். போனில் நாற்பது நிமிடம் பேசுகிறவர்கள் நேரில் ஒரு வார்த்தையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த நாலு நிமிஷம் நூத்திருபதாவது மைலோடது," என்றார் அவர் கடைசியில். "அப்படி ஒரு மைலே இல்ல. உள்ள வாங்க ஆர்வில்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. "அப்ப சரி ஆர்டித்" என்று கேட்டைத் திறந்தான்.

மறுநாள் காலை நீமையர் அறையிலிருந்து இறங்கி வந்தவனிடம் அன்றைக்கென்று தனிப் பக்கம் இல்லை; வந்த பக்கங்களையே கீழிருந்து மேலே படிக்க வேண்டும். எட்டு மணிக்குத் திரும்பிப் புறப்படுவது என்று பேச்சு. கூடம் முழுக்கப் பெட்டிகளும், பெட்டிக்குள் போக வேண்டிய சாமான்களும் இறைந்து கிடந்தன.

"மொத்தம் எத்தனை பெட்டி?" என்று கேட்டான்.

"யாரு எண்ணுனா?" என்றார் ஆர்டித்.

"எண்ணலையா?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். ஆர்டித் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். லியோனா டிரக் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள். மணி ஏழு ஐம்பத்தொன்பது.